வெள்ளி மேல் தங்கம்

"இந்தச் சிவப்புச் சிங்கத்தைச் சுரண்டிட்டு, வெள்ளிப் பூச்சு மேல தங்கத்துல ஒரு மரம் வரைஞ்சு கொடுங்க."

ஓதியெர்னா கேடயத்தை மேசைமேல் வைத்தாள். ருஃபினோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கோ நகரத்துச் சிலுவைப்போர் வீரர்களுக்குக் கேடயத்தில் குலச்சின்னம் எழுதியே தலை நரைத்தவன் அவன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"என் பொழைப்புல மண்ணைப் போடாதீங்கம்மா. வெள்ளி மேல தங்கம் வைக்கிற உரிமை நம்ம எருசலேம் ராஜாவுக்கு மட்டும்தான். வேற எவன் ஏந்திட்டுப் போனாலும், 'யாருடா நீ, எந்த வீட்டுப் பிள்ளை?'ன்னு போற ஊர்லெல்லாம் நிறுத்திக் கேட்பாங்க."

"கேட்கட்டுமே."

"கைகொட்டிச் சிரிப்பாங்கம்மா!"

"சிரிச்சுட்டாவது கேட்பாங்கல்ல?"

இதென்ன வம்பு என்று ருஃபினோ வாசலைப் பார்த்தான். குதிரையைப் பிடித்தபடி ஒரு வாலிபன் நின்றான். நெற்றியில் ஆறிப்போன வெட்டுக்காயம். இந்தக் கேடயத்தை ஏந்திப் படையோடு அந்தியோகியாவுக்குப் புறப்படுகிறானாம்.

"வெயில்ல நிக்காதே கண்ணு, இப்படி வா" என்றாள் ஓதியெர்னா.

"சரிம்மா" என்று நிழலுக்கு நகர்ந்தான் அவன்.

ருஃபினோவுக்கு மனசு கேட்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. இது போர்ல உயிரை விட்ட உங்க வீட்டுக்காரரோட சின்னம். இதை ஏந்த ஒரு பிள்ளை கொடுத்து வச்சிருக்கணும். சுரண்டச் சொல்ற அளவுக்கு அவர் மேல என்ன கோபம்?"

"கோபமா? என்னை ஒரு சொல் கடிஞ்சு பேசாத மனுஷன்யா அவர்." சிங்கத்தின் பிடரியைத் தடவினாள்.

"அப்புறம் என்ன? இதோட போனா ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டாங்க. பார்த்ததுமே உங்க மகன்னு நினைச்சுக்குவாங்க."

"அதனாலதான் வேணாங்கறேன்."

ருஃபினோ சுரண்டும் கத்தியைத் தள்ளி வைத்தான். "காரணம் தெரியாம நான் கை வைக்க மாட்டேன்."

ஓதியெர்னா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என் மகன் அவங்கப்பாவோட சேர்ந்தே போயிட்டான். அவன் உடம்பைத் தேடிப் போன இடத்துலதான், பேரும் ஊரும் மறந்துபோய் உயிரோட கிடந்த இவனைத் தூக்கிட்டு வந்தேன். ஊர் ஊரா நிறுத்தி 'யாரு பிள்ளை'ன்னு கேட்டாத்தானே, என்னை மாதிரி எங்கேயோ அழுதுகிட்டிருக்கிற இவனோட அம்மா காதுல விழும்?"