பச்சை காட்டும் பக்கம்

"அந்தப் போனைக் கீழ வச்சிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வெளிய வா ராஜகுமாரி! இந்த மண்ணு நிக்காது!"

சேதுராமன் வாசலில் நின்று கத்தினார். தலையில் போட்டிருந்த உரச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. மத்தியானம் இரண்டு மணிதான். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே மலை இருந்த இடமே தெரியாமல் இருட்டிக் கிடந்தது.

அவருடைய காம்பிராவுக்கு அடுத்த அறையில் குடியிருந்த ராஜகுமாரி அசையவில்லை. பிள்ளைகள் இரண்டும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"பச்சைதான் காட்டுது மாமா. இந்தா பாருங்க."

தெல்தோட்டைப் பக்கத்து மலைகளுக்கென்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் நடத்தும் வெப்சைட் அது. மலைக்கு ஒன்றாக, மழையை அளக்கும் போத்தல் நட்டிருந்தார்கள். தினமும் காலையில் ஓர் ஆள் அதைப் பார்த்து அளவைப் போனில் பதிந்தால், பக்கம் தானாக நிறம் மாறும். பச்சை என்றால் இருக்கலாம். சிவப்பு என்றால் மலை சரியலாம், பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும்.

"மேல்பிரிவு. பன்னெண்டு மில்லிமீட்டர். பச்சை," என்று வாசித்தாள்.

"மூணு நாளா வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. பன்னெண்டாம்! கண்ண நம்பு, போனை நம்பாத."

"போன தடவ ஒங்க கண்ண நம்பித்தானே போனோம்? மூணு நாள் சிமெந்துத் தரையில கெடந்துட்டு வந்து பாத்தா கோழி ஒண்ணும் இல்ல. மலை மட்டும் அப்படியே நின்னுச்சு. பதினாலு வீட்டுக்காரரும் சொல்லிட்டாங்க, சிவப்பு போட்டாத்தான் எறங்குவோம்னு."

"கெழவனுக்கு மழையில மண்டை ஊறிப் போச்சு!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ சொல்ல, யாரோ சிரித்தார்கள்.

சேதுராமன் சிரிக்கவில்லை. பின்சுவருக்கு வெளியே எதுவோ நறநறத்தது. என்னவென்று பார்க்க ராஜகுமாரி பின்கதவை இழுத்தாள். வரவில்லை. காலையில் ஒரு விரலால் திறந்த கதவு, இப்போது நிலைக்குள் இறுகிக் கிடந்தது.

சுவரே நகர்ந்திருந்தது. அப்போதும் போனைத்தான் பார்த்தாள். பச்சை.

"அதுல அவங்க நம்பர் இருக்குதானே? அடி. நான் பேசுறேன்," என்றார் சேதுராமன்.

வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் மதுஷா என்ற பெண் எடுத்தாள். ராஜகுமாரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பிள்ள, மேல்பிரிவு லயத்துல இருந்து பேசுறோம். ஓடைத் தண்ணி தேத்தண்ணி மாதிரி வருது. ஒங்க வெப்சைட் பொய் சொல்லுது. எவனோ உள்ள பூந்திருக்கான்."

"கொஞ்சம் இருங்க ஐயா, பாக்குறேன்." தட்டும் சத்தம் கேட்டது. "இல்லங்க. யாரும் உள்ள வரல்ல. நேத்துத்தான் அப்டேட்டும் பண்ணினோம்."

"சும்மா கெடைக்கிற சாப்ட்வேர்ல கட்டினதாமே? சும்மா குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கிறான்?"

"இலவசம்னாலும் அதுல ஒளிவுமறைவு இல்ல ஐயா. உள்ள இருக்கிறத யாரும் தெறந்து பாக்கலாம், பிழை இருந்தா திருத்தலாம். உலகம் பூரா பாவிக்கிறாங்க."

"அப்ப பழைய பக்கத்தையே காட்டிக்கிட்டு நிக்குதோ என்னமோ."

"அதையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்திப் பாத்துட்டேன். இன்னைக்குக் காலையில ஆறரைக்கு வந்த அளவுதான் பன்னெண்டு."

"யாரு குடுத்தது?"

"பேரு வெளிய சொல்றதில்ல. சிவப்பு வந்தா வேல நிக்கும், யாரு போட்டதுன்னு தோட்டத்து நிர்வாகம் ஆளத் தேடும். அதனால அவங்க லயத்து ஆளுகளுக்குக்கூடத் தெரியாது. ஒங்க மலைக்கு மூணாம் நம்பர் அளவாளர். அவ்வளவுதான்."

சேதுராமனின் குரல் தாழ்ந்தது. "நம்பிக்கையான ஆளா?"

"அஞ்சு மாசமா ஒரு நாள் தவறல்ல ஐயா. மத்தவங்க மறந்தாலும் அவரு மறக்க மாட்டாரு."

மேலே எங்கோ ஒரு மரம் முறிந்தது. தரை ஒரு தரம் உதறி நின்றது. சின்னவள் வீறிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"நீயே சிவப்ப போட்டுவிடு பிள்ள! பதினாலு குடும்பம் இருக்கு. ஒரு விரல் வச்சா முடிஞ்சுச்சுதானே?"

"நான் நெனச்சபடி மாத்தினா, நாளைக்கு உண்மையான சிவப்பையும் யாரும் நம்ப மாட்டாங்க ஐயா."

"அப்ப... அந்த ஆளு இப்ப வேற அளவு போட முடியாதா?"

"காலையில ஒரு தரம் போட்டா பூட்டிக்கும். அவரு கேட்டா நான் தெறந்து விடுவேன். கேக்கல்லையே." மதுஷா இப்போது வேகமாகப் பேசினாள். "இருங்க, மத்தப் போன்ல அவருக்கே அடிக்கிறேன். போத்தல மறுபடி பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் சிவப்பு."

"வேணாம் பிள்ள, அந்த ஆளு எதுக்கு? நீ..."

அவள் கேட்கவில்லை. எண்களை அமுக்கும் சத்தம் வந்தது.

சேதுராமனின் சட்டைப் பைக்குள் போன் அலறியது.

ராஜகுமாரி அவரையே பார்த்தாள். அவர் போனை எடுத்து பட்டனை அமுக்கினார். மதுஷாவின் குரல் இரண்டு போனிலிருந்தும் வந்தது.

"மூணாம் நம்பர் அளவாளர்தானே? போத்தல்ல இப்ப எவ்வளவு இருக்கு?"

"தெரியாது பிள்ள," என்றார் சேதுராமன். "முழங்கால் வலியில மூணு நாளா நான் மேல ஏறவே இல்ல. வாயில வந்ததத்தான் போட்டுக்கிட்டிருந்தேன்."