வடிவான எழுத்து

டொரொன்ரோ நூலகமொன்றின் நிலவறையில், படமெடுக்கும் விளக்கின் வெளிச்சம் கஸ்பரின் கைகளில் புளித்த மோர்போலப் படிந்திருக்கிறது. நூலகம் வாங்கிய பழைய கடிதங்களை மடிப்பு நீக்கி, கண்ணாடியின் கீழ் வைத்து மைக்ரோபிலிமில் எடுப்பதுதான் அவன் வேலை, வாசிப்பது அல்ல. ஆனாலும் கண் வாசித்துவிடுகிறது. அயர்லாந்து, 1822. வரி கொடுக்க மறுத்த குடியானவர்கள் வைக்கோற்போர் ஒன்றைக் கொளுத்தினார்களாம். பதிலுக்கு ஊரையே கொளுத்திவிட்டு, ‘இங்கே இப்போது பூரண அமைதி’ என்று நீதவான் ஒருவன் டப்ளினிலிருக்கும் அரசுக்கு எழுதுகிறான். அதே மூச்சில் நல்ல வேட்டைநாய் ஒன்றும் கேட்கிறான். கஸ்பருக்கு அடிநாக்கு கசக்கிறது. 1983 ஆடிக் கலவரத்தில், கொழும்பில் அவன் வீடு எரிந்துகொண்டிருந்தபோது வானொலியும் இதே அமைதியைத்தான் வாசித்தது. பக்கத்து மேசையில் வேலைசெய்யும் அருள்நாயகி எட்டிப் பார்க்கிறாள். “என்ன வடிவான எழுத்து, அண்ணை!” “ஓம் பிள்ளை. ஊரைக் கொளுத்திப்போட்டு வந்து எழுதியிருக்கிறான். ஒரு எழுத்தெண்டாலும் நடுங்கியிருக்கோ, பார்.” அவள் பார்க்கிறாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இந்த நிலவறையில் துப்ப இடமில்லை. கஸ்பர் எச்சிலை விழுங்கிக்கொண்டு கமெராவின் குமிழைத் திருகுகிறான். மங்கலாக விட மனமில்லை. அந்த நீதவான் கேட்ட நாய்வரைக்கும் துல்லியமாகத் தெரியவேண்டும்.