மூன்றாவது பதில்

வானொலி நிலையத்தில் செய்தி வாசிப்பவர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. கடைசிச் சுற்றில் மூன்று பேர். மூவரையும் ஒன்றாக உட்கார வைத்து இயக்குநர் கேட்டார்.

"சும்மா ஒரு கேள்வி. நாளைக்கே நாட்டை விட்டுப் போயாகணும்னா எந்த நாட்டுக்குப் போவீங்க?"

"பனி பெய்யற நாடு எதுவானாலும் சரி சார்" என்றான் முதலாமவன்.

"கடற்கரை இருக்கணும், வரி கம்மியா இருக்கணும்" என்றான் அடுத்தவன். இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்றாவதாக இருந்த பெண் யோசிக்கவே இல்லை. "இந்த நாட்டுக்குத்தான் சார் வருவேன்."

"கேள்வியைக் காதுல வாங்கலையாம்மா? இங்கேருந்து கிளம்பணும்னு சொன்னேன்."

"வாங்கினேன் சார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி அகதி முகாம்ல இதே கேள்வியை நிஜமாவே கேட்டாங்க. மூணு நாட்டுப் பேரைச் சொன்னாங்க. அம்மா என் முகத்தைப் பார்த்தாங்க. நான் இந்த நாட்டைச் சொன்னேன். அப்போ உங்க மொழியில எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது."

இயக்குநர் அவசரமாக விண்ணப்பத்தைப் புரட்டினார். காலையிலிருந்து அவளுடைய உச்சரிப்பைத்தான் மற்ற இருவருக்கும் உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 'பிறந்த நாடு' என்ற இடத்தை அவர் படிக்கவே இல்லை.

"எப்படிம்மா கத்துக்கிட்டீங்க?"

"தினமும் உங்க செய்தியைக் கேட்டு, கூடவே சத்தமா சொல்லிப் பார்த்துத்தான் சார்."

அவர் எழுந்து கை நீட்டினார். "திங்கட்கிழமை காலை ஏழு மணிச் செய்தி உங்களுது."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு, அந்த மொழி இன்னும் பாதிதான் புரிகிற அம்மா, ரேடியோவைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள். போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் "என் பொண்ணு" என்றாள், அந்த மொழியிலேயே.