பிடி அரிசிப் பொங்கல்

இலைக்கட்டு எடுக்க ஸ்டோர் ரூமுக்குள் வந்த சந்திரமதி டீச்சர், மூலையில் கிடந்த மூட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

நீல நைலான் கயிறு. அவள் போட்ட முடிச்சு. ஊர்ச் சேரிகளிலிருந்து மில் வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் மில் லைனில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கிய பிடி அரிசி.

இந்நேரம் அது அடுப்படியில் அல்லவா இருக்கவேண்டும்?

வெளியே மைதானத்தில் மைக் அலறிக்கொண்டிருந்தது. பேசுவது சிவஞானம். காண்டிராக்டர், பள்ளி ஆண்டுவிழாக் கமிட்டியின் தலைவர், கராச்சர்மா பகுதியில் மாடி வீடு.

"இந்தத் தீவுக்குக் கப்பல் ஏறும்போதே நம்ம முன்னோருங்க சாதியைக் கடல்ல வீசிட்டாங்க! வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, எல்லாருக்கும் ஒரே பானை. அப்படிப் பொங்கித் தின்னுட்டுத்தான் இந்த ஸ்கூலுக்குக் கடைக்கால் தோண்டினாங்க. அதுதான் நம்ம பாரம்பரியம்!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். பெங்காலிப் பிள்ளை, ராஞ்சிப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை, எல்லாம்தான். பொங்கல் என்றால் யாருக்குக் கசக்கும்?

அரிசி கழுவ அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஆயா ஒச்சம்மா உள்ளே வந்தாள். வந்தவள் மூட்டைப் பக்கமே திரும்பாமல், மறுபக்கம் இருந்த கடை அரிசியைப் பிரித்தாள்.

"ஒச்சம்மா, இந்த மூட்டை ஏன் இங்கே கிடக்குது?"

"சேர்மன் சார் சொன்னாரு மேடம்ஜி. லைன் அரிசி பானைக்கு வேணாமாம். சாயங்காலம் வண்டி வரும், கோழிப் பண்ணைக்கு ஏத்தி விட்டுடுன்னாரு." அவள் குரல் இறங்கியது. "போன வருஷமும் அப்படித்தான். என் வீட்டு அரிசியும் அதுலதான் இருந்துச்சு."

போன வருஷமுமா!

போன வருஷம் லைன் பிள்ளைகள் இலையைச் சுத்தமாக வழித்துவிட்டு, "எங்க வீட்டு அரிசி டீச்சர்" என்று ஆளுக்கு ஆள் பெருமை பேசியது நினைவுக்கு வந்தது. பாவம், பச்சைப் பிள்ளைகள். அவர்கள் அரிசியைக் கோழி கொத்தியிருக்கிறது.

சீ, என்ன மனுஷன்! வாசலில் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள். அப்படியும் வாய்க் கசப்பு போகவில்லை.

கயிற்றை அவிழ்த்து, மூட்டையை அண்டாவில் கவிழ்த்தாள்.

"இதைக் கழுவு."

"ஐயோ மேடம்ஜி, என் வேலை போயிடும்!"

"யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லு. நான் பார்த்துக்கறேன்."

ஒச்சம்மா அண்டாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள், சற்று வேகமாகவே.

பானையில் போட்ட அரிசியில் எது யார் வீட்டு அரிசி என்று எந்தச் சமையல்காரன் கண்டான்? பால் பொங்கியது, குலவை எழுந்தது, எல்லாரும் கூடிக் கும்பிட்டார்கள்.

பந்தியில் முதல் இலை சிவஞானத்துக்கு. எதிர்வரிசையில் பிள்ளைகள். சந்திரமதியே வாளியோடு வந்து பரிமாறினாள்.

அவர் ஒரு வாய் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு வாய்.

"அரே வா! ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!" நெய் வழிந்த விரலை நக்கிக்கொண்டே அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஆளு ஒருத்தர் கூட நின்னு பாத்தா அந்தச் சுத்தமே தனி மேடம். கண்ட அரிசியும் கலந்தா இந்த ருசி வருமா?"

நம்ம ஆளு! தன் ஊர் சிவகங்கைப் பக்கம் என்று அவள் சொன்னதோடு சரி. சாதியை அவராகவே முடிவுகட்டியிருக்கிறார்.

அவள் இன்னொரு கரண்டி அள்ளி, அவர் இலையில் நிறையவே வைத்தாள். அவரும் ஆசையாக உருட்டி, வாய் கொள்ளாமல் போட்டுக்கொண்டார்.

"மில் லைன் அரிசி சார் இது. நான்தான் அள்ளிப் போட்டேன்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "ஊர்ல எங்கப்பா வீடும் அந்த மாதிரி ஒரு லைன்லதான் இருக்கு."

சிவஞானத்தின் தாடை நின்றது.

துப்பலாம் என்றால், எதிரே அத்தனை பிள்ளைகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு 'சாப்பிடுங்க' என்றால்தான் அவர்கள் இலையில் கை வைக்கலாம்.