ஒரு பெட்டி தக்காளி

தொழில் வண்டி என்று வரிச்சலுகை வாங்கிய பிக்கப், சரக்கில்லாமல் கிளம்பாது; ஒவ்வொரு பயணத்துக்கும் தானே கணக்கு வைத்து, வாய்விட்டும் சொல்லும். மனைவி இறந்தபின் தனியாக இருக்கும் நாச்சிமுத்து, மகளைப் பார்க்கப் போவதற்கும் ஒரு பெட்டி தக்காளி ஏற்றியாக வேண்டும்.

பொள்ளாச்சியில் மகள் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கினார்.

"சாப்பிட்டுட்டுப் போங்கப்பா," என்றாள் சுகந்தி.

"டெலிவரி முடிந்தது. வீட்டுக்குள் சென்றால் சொந்தப் பயணமாகக் கணக்கிடப்படும்," என்றது வண்டி.

அப்படிக் கணக்கானால் சலுகை போகும். சலுகை போனால் வண்டியைக் கட்டி மேய்க்க முடியாது. நாச்சிமுத்து செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றார்.

சுகந்தி பெட்டியிலிருந்து நல்ல தக்காளி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். சாறு மணிக்கட்டில் வழிந்தது. பிறகு வண்டிக்குக் கேட்கும்படி, யாரோ ஒரு வியாபாரியிடம் பேசுவதுபோலச் சொன்னாள்:

"சரக்கு நசுங்கியிருக்குங்க. நாளைக்கு வேற கொண்டாங்க."