பேர் சொல்லாத கூட்டம்

அந்தக் கவுதாரிக் கூட்டத்தில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பினார்கள். எல்லாப் புருஷன்மாருக்கும் "ஏங்க" ஒன்றுதான்.

ஒரு நாள் காலை, சோளம் அறுத்த காட்டில் ஆண்கள் மேய்ந்துகொண்டிருந்தார்கள். புதரடியில் அடைகாத்துக்கொண்டிருந்த வெள்ளச்சி, தன் புருஷன் போகும் வழியில் வேடன் வைத்திருந்த கண்ணியைப் பார்த்துவிட்டாள். ஓடிப்போய்த் தடுக்க நேரமில்லை.

"ஏங்க! அந்தப் பக்கம் போகாதீங்க!"

எதிர்க்காற்றில் யார் குரலென்று தெரியவில்லை. ஆண்கள் எல்லாரும் நின்று விழித்தார்கள். அவள் புருஷன் மட்டும் பக்கத்தில் மேய்ந்தவனைப் பார்த்துச் சிரித்தான்.

"உன்னைத்தான் மாப்ளே. போ, போய் வாங்கிக் கட்டிக்க."

சிரித்தபடியே நடந்தான். கண்ணியின் சுருக்குக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டான்.

"ஏங்க! உங்களைத்தாங்க!"

"கோவமா வேற இருக்காங்கடா," என்று காலைத் தூக்கினான்.

பேரைச் சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் இப்போதே போய்விடும். வெள்ளச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள்.

"சோளமுத்து!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அதற்கு நேர் கீழே சுருக்கு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பெண்கள் யாரும் வெள்ளச்சியை ஏசவில்லை. ஒவ்வொருத்தியும் தன் புருஷனைத்தான் பார்த்தாள். எத்தனையோ முறை குஞ்சு பொரித்துவிட்ட ஒருத்தி மட்டும் தன் புருஷனிடம் ஓடிவந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"ஏங்க, உங்க பேர் என்ன?"