பாடாமல் விட்ட சொல்

ஞாயிறு காலை வெயில் டெக்சாஸ் சபையின் பலகைச் சுவர் இடுக்குகளில் நுழைந்து வெர்டெல்லின் மடியில் கோடு கோடாக விழுகிறது. முன்னால் சகோதரி ஜெனீவா மின்கிதாரோடு நின்று, வெர்டெல்லின் மறைந்த கணவர் ஏமஸ் இருபது வருடங்களுக்கு முன் இசைத்தட்டில் பதிந்த பாட்டைப் பாடுகிறாள். பார்வையில்லாத அந்த மனிதரை ஜெனீவா கண்டதேயில்லை. தட்டைத் தேயத் தேயக் கேட்டுக் கற்றவள். ‘களைத்து வருகிறேன் ஆண்டவரே, திறந்து வையும் உம்’ என்று பாடி நிறுத்துகிறாள். விரலில் மோதிரம்போல் மாட்டிய கண்ணாடிப் புட்டியின் கழுத்துத் துண்டு கம்பியில் வழுக்கி, ‘கதவை’ என்று கிதாரைச் சொல்ல வைக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லூட்டி என்பவள், அட்டை விசிறிக்குப் பின்னால் கிசுகிசுக்கிறாள். “அந்தக் கடைசி வார்த்தைய எந்த சபையிலயும் ஏன்க்கா பாட மாட்டேங்கிறாங்க?”

“தட்டு பதிஞ்ச அன்னிக்கு அவருக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. குரல் வரல. பேனாக்கத்திய கம்பியில இழுத்துச் சமாளிச்சாரு. அவ்வளவுதான்.”

விசிறி நிற்கிறது. “நாங்க ஏதோ தேவரகசியம்னுல்ல நெனச்சோம்.”

வெர்டெல்லுக்குச் சிரிப்பு வருகிறது. தொண்டை சரியான மறுவாரமே ஏமஸ் அந்தச் சொல்லைக் கணீரென்று பாடினார்; அடுப்படியில் அவளும் இன்றுவரை அப்படித்தான் பாடுகிறாள். அந்த வரி திரும்ப வருகிறது. பாட மூச்சை இழுக்கிறாள். கம்பி முந்திக்கொள்கிறது. ஏமஸின் அதே நடுக்கத்தோடு அந்தச் சொல் எழுந்து கூரைவரை போகிறது; பெஞ்சுகளில் ஒருவரும் அசையவில்லை. வெர்டெல் திறந்த வாயை மூடிக்கொண்டு, ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.